சீலிங்கில் பதிக்கிற ஸ்பீக்கர்

வீட்டோடு மாப்பிள்ளையாக இருப்பவனிடம் யாரும் அபிப்பிராயம் கேட்பதில்லை. கேட்டுவிட்டால்தான் பயப்பட வேண்டும்.

அன்று காலை சாப்பிட்ட தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு என் மாமனார் ஆரம்பித்தார். வீடு முழுக்கப் பாட்டுக் கேட்கிற மாதிரி ஸ்பீக்கர் போடப்போகிறாராம். ஹால், சமையலறை, மாடியில் அவர் அறை, எங்கள் அறை, குளியலறை, என் கிளினிக் என்று எதையும் விட்டுவைக்கிற உத்தேசம் இல்லை. பெட்டி ஸ்பீக்கர் கிடையாது. ஃபால்ஸ் சீலிங்கில் வட்டமாக ஓட்டை போட்டு உள்ளேயே பதித்துவிடுவது. வெளியே ஒரு வெள்ளை வலை மட்டும்தான் தெரியும். "எது நல்லதுன்னு நீங்கதான் பார்த்துச் சொல்லணும் மாப்பிள்ளை. பாப்பா ஆசைப்படுது" என்றார்.

பாப்பா என்பது என் மனைவி. பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிற பாப்பா. அவள் வகுப்புக்குள் நுழைந்தால் பிள்ளைகள் இருமுவதற்குக்கூட யோசிப்பார்கள். இவருக்கு மட்டும் இன்னும் பாப்பா. இந்த வீட்டில் எது நடந்தாலும் அதை அவள் தலையில் கட்டிவிடுவது இவர் வழக்கம். சோபாவைச் சுவரோரமாகத் திருப்பிப் போட்டது பாப்பா ஆசைப்பட்டதால். கிளினிக்குக்கு நான் நீலம் கேட்க, மஞ்சள் அடித்தது பாப்பா ஆசைப்பட்டதால். நான் மனைவியின் முகத்தைப் பார்த்தேன். அவள் கைப்பைக்குள் சிவப்புப் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தாள்.

எனக்கு உள்ளே எரிந்தது. "பார்க்கலாம் மாமா" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனேன்.

நான் பல் டாக்டர். கல்யாணமான கையோடு மாமனார் தன் வீட்டு முன்னறையை எனக்குக் கிளினிக்காக மாற்றிக் கொடுத்தார். கீழே தொழில், மாடியில் குடித்தனம். கொடுத்து வைத்தவன் என்று கூடப் படித்தவர்கள் எல்லாம் பெருமூச்சு விட்டார்கள். கொடுத்து வைத்தவன்தான், யார் இல்லை என்றது? வாங்கிய செருப்பு தேயவே மாட்டேன் என்கிறது.

மாமனார் குடிநீர் வாரியத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தத் தெருவுக்கு எப்போது தண்ணீர் திறந்துவிடுவது என்று முடிவு செய்த கை. அது சும்மா இருக்குமா? இப்போது என்னிடம் வருகிற நோயாளிகளைத் திறந்துவிடுகிறது. கிளினிக்குக்கு வெளியே இருக்கிற ஹாலில் செய்தித்தாளோடு உட்கார்ந்துகொண்டு, வருகிறவர்களின் கன்ன வீக்கத்தைப் பார்த்தே யார் முதலில் உள்ளே போவது என்று தீர்மானிப்பார். கடைவாய்ப் பல் என்றால் நேரமாகும், உட்காருங்கள் என்பார். லேசான வலி என்றால் உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொல்லி வாசலோடு அனுப்பிவிடுவார். ஒரு வார்த்தை கேட்க முடியுமா? அவர் வீடு, அவர் ஹால், அவர் நாற்காலி. வாசலில் என் பெயரைப் போட்டுப் பலகை இருக்கிறது. வருகிறவர்கள் கேட்பதென்னவோ, தண்ணி ஆபீசர் மாப்பிள்ளை இருக்கிறாரா என்றுதான்.

அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் என்றைக்கோ சண்டை போட்டுவிட்டுக் கிளம்பியிருப்பேன். இவரோ எனக்குக் காய்ச்சல் என்றால் கால்மாட்டில் வந்து நிற்கிற மனிதர். சண்டை போட இடமே கொடுக்காதவரோடு எப்படிச் சண்டை போடுவது?

ஸ்பீக்கர் பேச்சு வருவதற்குச் சில நாள் முன்னால்தான் குட்டை கூப்பிட்டான். குட்டை என்னோடு படித்தவன். ஆறடியைத் தாண்டி வளர்ந்துவிட்டதால் கல்லூரியில் வைத்த பெயர் அது. ரயிலில் ஒரு ராத்திரி தூரத்தில் இருக்கிற ஊரில் அவன் பெரிதாகக் கிளினிக் திறக்கிறான். அதில் பாதி எனக்கு. வா, நம் இஷ்டத்துக்கு இருக்கலாம் என்றான். மாதம் முடிவதற்குள் சரி என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் வேறொரு டாக்டர் பெட்டியைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறாராம்.

நம் இஷ்டத்துக்கு என்றானே, அந்த ஒரு சொல்லில் நான் விழுந்துவிட்டேன். என் நோயாளியை நான் கூப்பிட வேண்டும். என் சுவருக்கு நான் நீலம் அடிக்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. நினைத்துப் பார்த்தால் எனக்கே வெட்கமாக இருக்கும், இத்தனை சின்ன ஆசையா என்று. ஆனால் அது இல்லாமல் மூச்சு முட்டியது.

மனைவியிடம் சொன்னேன். அவள் கட்டிலில் சம்மணமிட்டு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். குட்டையின் ஊரைப் பற்றிச் சொன்னேன், "ம்" என்றாள். தனியாக வீடு எடுத்துக்கொள்ளலாம் என்றேன், "ம்" என்றாள். உனக்கென்ன, அங்கே பள்ளிக்கூடமா கிடைக்காது என்றேன், அதற்கும் ஒரு "ம்". எனக்கு அது போதுமாக இருந்தது. என் தொழில் அப்படி. எதிரே இருப்பவர் வாயை ஆவென்று திறந்து வைத்திருப்பார், உள்ளே என் இரண்டு கையும் இருக்கும். வலிக்கிறதா, பிடுங்கிவிடலாமா என்று நான் கேட்பேன். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வரும். சரி என்கிறார் என்று எடுத்துக்கொண்டு மேலே வேலையைப் பார்ப்பேன். நான் அப்படிச் சொல்லவில்லையே என்று இதுவரை யாரும் வந்து சட்டையைப் பிடித்ததில்லை.

மிச்சம் இருந்தது மாமனாரிடம் சொல்வது ஒன்றுதான். அதற்குள் இந்த ஸ்பீக்கர் வந்து குறுக்கே விழுந்தது.

மனிதர் மோப்பம் பிடித்துவிட்டார் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. பெட்டி ஸ்பீக்கர் என்றால் ஒயரைப் பிடுங்கிவிட்டு இரண்டு கையில் இரண்டைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம். கூரையை வெட்டிப் பதித்ததை யார் கழற்றிக்கொண்டு போவார்கள்? அதுவும் நானே பார்த்துத் தேர்ந்தெடுத்து, நானே இடம் காட்டி, என் கட்டிலுக்கு நேர் மேலே பதிக்கச் சொல்லிவிட்டு, மறுமாதமே நாங்கள் கிளம்புகிறோம் மாமா என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? எங்கள் அறையில் ஓட்டை விழுவதற்கு முன்னால் நான் விஷயத்தைப் போட்டு உடைத்தாக வேண்டும். இல்லையென்றால் எப்படியாவது மனிதரைப் பெட்டி ஸ்பீக்கர் பக்கம் திருப்ப வேண்டும். போட்டு உடைக்கத் தைரியம் வேண்டும். திருப்புவதற்கு நாக்கு இருந்தால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் கடைக்குப் போனோம். கடைப்பெண் எங்களைப் பின்பக்கத்தில் ஓர் அறைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். ஜன்னல் இல்லாத அறை. சுவரெல்லாம் மெத்தை வைத்துத் தைத்திருந்தார்கள். கதவு சாத்தியதும் வெளிச்சத்தம் அப்படியே நின்று, என் காதை யாரோ பொத்திவிட்டது போல் இருந்தது. மேலே பார்த்தால் கூரை முழுக்க வெள்ளை வட்டங்கள். அவள் ஒரு பொத்தானை அழுத்த அழுத்தப் பாட்டு ஒரு வட்டத்திலிருந்து அடுத்த வட்டத்துக்குத் தாவியது. மாமனார் அண்ணாந்து பார்த்தபடியே அதன் பின்னால் நடந்தார்.

கடைப்பெண் விவரம் தெரிந்தவள். படுக்கையறைக்கும் சமையலறைக்கும் ஆறரை அங்குலம் போதும், ஹாலுக்கு எட்டு அங்குலம் இருந்தால்தான் மத்தளம் மத்தளமாகக் கேட்கும் என்றாள். வலையைக் கழற்றி, மெல்லிய ஒலிக்கென்று நடுவில் இருந்த சின்ன ட்வீட்டரை விரலால் சாய்த்துக் காட்டினாள். நாம் உட்காருகிற பக்கமாகப் பார்த்துத் திருப்பி வைத்துக்கொள்ளலாமாம். குளியலறைக்கு ஈரம் தாங்குகிறது தனியாக இருக்கிறது. முக்கியமாக, பின்பக்கம் ஒரு டப்பா வைத்து மூட வேண்டும், இல்லாவிட்டால் ஓர் அறையில் போடுகிற பாட்டு சீலிங்குக்குள்ளேயே ஓடிப் பக்கத்து அறையில் இருப்பவரையும் எழுப்பிவிடும் என்றாள்.

நான் போனில் படித்துத் தயாராக வந்திருந்தேன். தொண்டையைச் சரிசெய்துகொண்டு ஆரம்பித்தேன். பாட்டு என்பது நமக்கு எதிரே இருந்து வரவேண்டியது, உச்சந்தலையில் வந்து கொட்டக் கூடாது. பாடுகிறவர் நம் வீட்டு உத்தரத்தில் தொங்கிக்கொண்டா பாடுகிறார்? காது மட்டத்துக்கு ஸ்டாண்டு போட்டு இரண்டு பெட்டி வைத்தால் அந்தச் சுகமே தனி. இப்படி அடுக்கிக்கொண்டே போனேன். கடைப்பெண்ணும், உட்கார்ந்து ரசித்துக் கேட்பதாக இருந்தால் சார் சொல்வதுதான் சரி என்றாள். அவளுக்கு நான் மனத்துக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

ஆச்சரியம், மாமனார் மடங்கினார். மூலையில் ஸ்டாண்டு மேல் இருந்த பெட்டிகளிடம் போனார். மரத்தை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். ஒரு பாட்டைப் போடச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு சாவகாசமாக என் பக்கம் திரும்பினார். "நல்லாத்தான் இருக்கு. நாளைக்கே வேற எடத்துக்குப் போனாலும் தூக்கிட்டுப் போய் வெச்சுக்கலாம், இல்ல மாப்பிள்ளை?"

குத்திக் காட்டுகிறார் என்று நினைத்தேன். அதெல்லாம் ஒன்றுமில்லை மாமா, நாங்கள் எங்கே போகப்போகிறோம் என்று உளறி, அத்தனை நேரம் கட்டிய வாதத்தை நானே குழி தோண்டிப் புதைத்தேன். மாமனார் ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். பாப்பா என்ன சொல்கிறது என்று கேட்டார்.

அவள் யோசிக்கவே இல்லை. சீலிங்கில் பதிக்கிறதுதான் வேண்டும், தூசி தட்டுகிற வேலை இல்லை, தரையில் இடம் அடைக்காது என்றாள். எங்கள் அறைக்கு ஒன்று போதாது, இரண்டு வேண்டும் என்றும் சொன்னாள்.

சும்மா சொல்லக் கூடாது, அசந்துபோனேன். அப்பாவுக்குத் துளிச் சந்தேகம் வராமல் என்னமாய்ச் சமாளிக்கிறாள்! வெளியே வரும்போது அவள் காதோரம் பிரமாதம் என்றேன். என்ன பிரமாதம் என்று கேட்டாள். நான் கண்ணடித்தேன். அவள் காரில் ஏறிக்கொண்டாள். ஆறரை அங்குலத்தில் ட்வீட்டர் திரும்புகிற ரகத்தை நானே முந்திக்கொண்டு தேர்ந்தெடுத்திருந்தேன். நான் கேட்கப்போகிற ஸ்பீக்கரா என்ன, எதுவாக இருந்தால் எனக்கென்ன? கிளினிக்குக்குச் சுவரில் தனியாக ஒரு வால்யூம் திருகு வேண்டுமா என்று கடைப்பெண் கேட்டதற்கும் வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டேன்.

சீலிங்காரர் ஏணியோடு வந்து இறங்கினார். அறை அறையாகக் கூரையைத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். சின்னதாக ஒரு துளை போட்டு, கம்பியை உள்ளே விட்டு ஆழம் பார்த்தார். பலகைக்கும் மேல் தளத்துக்கும் நடுவில் போதுமான இடைவெளி இல்லாவிட்டால் ஸ்பீக்கர் உட்காராது. எங்கள் அறையில் அவர் கம்பியை விட்டபோது நான் கீழே நின்று வேண்டிக்கொண்டேன். ஒரு உத்தரம் குறுக்கே வரட்டும், ஒரு குழாய் ஓடட்டும், ஏதாவது ஒன்று இடிக்கட்டும். அவர் கம்பியை உருவிப் பார்த்துவிட்டு, நாலு விரற்கடை இருந்தால் போதும், இங்கே ஒரு சாணுக்கு மேலேயே இருக்கிறது என்று சந்தோஷமாகச் சொன்னார்.

அதற்கப்புறம் நான் செய்ததெல்லாம் வெறும் இழுத்தடிப்பு. எங்கள் அறையைக் கடைசியாக வைத்துக்கொள்ளலாம் என்றேன். வலை வட்டமா சதுரமா என்று ஒரு நாள் யோசித்தேன். வெள்ளையா பால் வெள்ளையா என்று ஒரு நாள். மாமனார் முகம் சுளிக்கவில்லை. மாப்பிள்ளை நிதானமாகப் பார்த்துச் சொல்லட்டும் என்று சீலிங்காரரைச் சமாதானம் செய்தார். அந்தப் பொறுமைதான் என்னை உலுக்கியது. மடையைத் திறந்து வைத்துவிட்டுத் தண்ணீர் தானாக வந்து சேரும் என்று காத்திருக்கிறவரின் பொறுமை என்று நினைத்தேன்.

மொட்டை மாடியில் துணி உலர்த்தும்போது மனைவி கேட்டாள். "நம்ம ரூமை மட்டும் ஏன் தள்ளிக்கிட்டே போறீங்க? எனக்கு அங்கதான் வேணும். பேப்பர் திருத்தறப்போ கேட்டுக்கிட்டே இருப்பேன்." நான் சுற்றும் முற்றும் பார்த்தேன். ஒரு காக்கா கூட இல்லை. யாரும் இல்லாதபோதுகூட நடிக்க வேண்டுமா, அப்பாவுக்காக இவ்வளவு பேசாதே என்று சிரித்தேன். அவள் ஈரப் போர்வையை உதறினாள். என் முகத்தில் தண்ணீர் தெறித்தது.

இதற்கு நடுவில் கிளினிக்கில் ஸ்பீக்கர் ஏறிவிட்டது. நோயாளி சாய்ந்து படுத்தால் கண்ணுக்கு நேரே அந்த வெள்ளை வட்டம். முதல் நாள் பாட்டு ஓடியபோது நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. பயந்தவர்கள்கூடக் கையைத் தளர்த்திக்கொண்டு படுத்தார்கள். மறுநாள் ஒரு வங்கிக்காரருக்குப் பல்லைக் குடைந்துகொண்டிருக்கிறேன், பாட்டு சட்டென்று நின்றது. உச்சியிலிருந்து மாமனார் பேசினார். "மாப்பிள்ளை, ஆடற பல்லு ஒண்ணு வந்திருக்கு. உள்ள இருக்கறவரைச் சீக்கிரம் முடிச்சு அனுப்புங்க."

வங்கிக்காரர் துள்ளி எழப் பார்த்தார். நல்லவேளை, என் கை அதற்குள் வெளியே வந்துவிட்டது. ஸ்பீக்கர்களை இயக்குகிற கருவியில் இப்படி ஒரு வசதி இருக்கிறது. போனில் எந்த அறையைத் தொட்டுப் பேசுகிறோமோ அந்த அறைக் கூரையில் குரல் வரும். அதற்கப்புறம் சமையலறையில் நின்றாலும் வந்தது, குளியலறையில் சோப்புப் போட்டுக்கொண்டு நின்றாலும் வந்தது. கதவைத் தாழ் போட்டுக்கொள்ளலாம், கூரைக்கு என்ன தாழ் போடுவது? கிளினிக் சுவரைத் தடவிப் பார்த்தேன். வேண்டாம் என்று நானே சொன்ன திருகு எப்படி இருக்கும்? எங்கள் படுக்கையறை ஒன்றுதான் மிச்சம் இருந்தது. சாயங்காலங்களில் அங்கே போய்க் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்துக் கிடந்தேன். ஒரு வட்டம்கூட இல்லாத வெறும் வெள்ளைக் கூரை. அதைப் பார்க்க எனக்கு அவ்வளவு பிடித்தது.

மாதக் கடைசி சனிக்கிழமை வந்துவிட்டது. இன்றைக்குச் சொல்லியாக வேண்டும், மதியம் கூப்பிடுகிறேன் என்று குட்டை செய்தி அனுப்பினான். சீலிங்காரர் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறினார். மனைவி அவருக்கு முன்னால் போனாள். கட்டிலை நகர்த்துகிற சத்தம் கேட்டது. இதற்கு மேல் தாங்காது என்று தோன்றியது. கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஹாலுக்கு வந்தேன். ஆட்கள் யாரும் இல்லை. மாமனார் செய்தித்தாளோடு இருந்தார்.

"எங்க ரூம்ல ஸ்பீக்கர் வேண்டாம் மாமா" என்றேன். "நாங்க போறோம். என் ஃப்ரெண்டு கிளினிக் ஆரம்பிக்கறான், அங்க."

அவர் தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். முகத்தில் ஒரு திடுக்கிடல் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. "தெரியும். நீங்க பாப்பாகிட்ட சொன்ன மறுநாளே அது எங்கிட்ட சொல்லிடுச்சு."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. இத்தனை நாள் விழுங்கி வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்தது. தெரிந்துகொண்டேதான் இவ்வளவும் செய்தீர்களா, எங்களைக் கட்டிப்போடத்தான் கூரையை வெட்டினீர்களா, நோயாளியை நீங்கள் கூப்பிடுகிறீர்கள், சுவருக்கு நீங்கள் வர்ணம் அடிக்கிறீர்கள், இப்போது தலைக்கு மேலேயும் நீங்கள்தானா என்று கத்தினேன். வாழ்நாளில் அவரிடம் அப்படிப் பேசியதில்லை.

அவர் முழுக்கக் கேட்டார். கோபப்படவில்லை. அசந்துபோன மாதிரி இருந்தார்.

"உங்களைக் கட்டிப்போடணும்னு எனக்கென்ன வேண்டுதலா மாப்பிள்ளை? ரிட்டயர் ஆனதும் இந்த ஹால்ல காலை நீட்டிப் படுத்துப் பேப்பர் படிக்கணும்னு இருந்தேன். ஒரு நாள் முடிஞ்சுதா? விடிஞ்சா வீங்கின கன்னத்தோட வந்து உக்காந்துடறாங்க. உள்ள நீங்க குடையற சத்தத்துல எனக்குப் பல்லு கூசுது. வெளிய இருந்து பார்த்துக்கோங்க, அவர் தனியாக் கஷ்டப்படறார்னு பாப்பா சொல்லுச்சு. அதுக்காக உக்காந்திருக்கேன்."

"அப்ப ஸ்பீக்கர்?"

"பாப்பா ஆசைப்படுதுன்னு முதல் நாளே சொன்னேனே. எனக்கு அந்த மரப்பெட்டிதான் பிடிச்சுது. நீங்க கிளம்பறப்போ கொண்டு போகலாமேன்னு கேட்டும் பார்த்தேன். நீங்கதான் எங்க போகப்போறோம்னுட்டீங்க."

சோபா, மஞ்சள் வர்ணம், கூரை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக இந்த மனிதரின் கணக்கிலிருந்து எடுத்து வேறு பக்கம் வைக்க வேண்டியிருந்தது. போய் அவளிடம் பேசுங்கள் என்று அவர் மெல்லச் சொன்னார்.

மாடியில் சீலிங்காரர் வெளிவராந்தாவில் ஒயர் வெட்டிக்கொண்டிருந்தார். அறை நடுவில் ஏணி நின்றது. கட்டில் மேல் பழைய போர்வையைப் போர்த்தியிருந்தாள். கையில் பென்சிலை வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ வரலையா?" என்றேன்.

"வரேன்னு எப்ப சொன்னேன்?"

"நான் சொல்லச் சொல்ல 'ம்'னு சொன்னியே."

"நீங்க பேசினீங்க, கேட்டேன். அப்புறம் எத்தனை தடவை வேண்டாம்னு சொன்னேன்? கடையில சொன்னேன். மொட்டை மாடியில சொன்னேன். நடிக்கறேன்னீங்க. நான் என்ன சொன்னாலும் அது அப்பா சொல்றதாத்தானே உங்களுக்குக் கேக்குது."

வராந்தாவில் ஆள் இருந்ததால் கத்தவும் முடியவில்லை. அப்பாவுக்காகவா என்று தாழ்ந்த குரலில் கேட்டேன். அவள் தலையை ஆட்டினாள். "அப்பா போயிட்டு வான்னுதான் சொல்றார். நான் இங்க இருக்கணும்கறது எனக்காகத்தான். இது என் வீடு. கல்யாணம்னா நான் எதுக்குக் கிளம்பணும்? என்னைக் கேட்டு மூணு பேர் வந்தாங்க. மத்த ரெண்டு பேருக்கும் சொந்தமா வீடு இருந்துச்சு, தொழில் இருந்துச்சு. உங்களுக்குத்தான் ஒண்ணும் இல்ல. அதனாலதான் உங்களுக்குச் சரின்னேன்."

கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்டுகிற குரலில்தான் சொன்னாள், குத்தலே இல்லை. முதல் நாள் நான் சிரித்த சிரிப்பில் விழுந்துவிட்டாள் என்று இத்தனை காலம் நம்பிக்கொண்டிருந்தேன். பல் டாக்டரின் சிரிப்பாயிற்றே.

அவள் கிட்டே வந்து என் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டாள். கண் நிறைந்திருந்தது. "அப்புறம் ரொம்பப் பிடிச்சுப் போச்சு. நீங்க இல்லாம எனக்கு ஆகாது. ஆனா இங்கேருந்தும் என்னால வர முடியாது. நீங்க போகணும்னா போங்க. வாராவாரம் வாங்க. நான் தடுக்க மாட்டேன், அப்பாவும் தடுக்க மாட்டார்."

அவள் அழுது அடம் பிடித்திருந்தால் போயிருப்பேன். மாமனார் கதவை மறித்து நின்றிருந்தால் அவரைத் தள்ளிக்கொண்டு போயிருப்பேன். மூன்று வருஷமாக மனத்துக்குள் ஒரு பூட்டை உலுக்கிக்கொண்டே இருந்தவனிடம், பூட்டே கிடையாதப்பா, திறந்துதான் இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். நான் போகவில்லை. இவளை விட்டுவிட்டு ஒரு ஊரில் நீலச் சுவருக்கு நடுவில் இருந்து என்ன செய்யப்போகிறேன்? அவள் மேல் எனக்கு அப்படி ஓர் ஆத்திரம் வந்தது, அவளை விட்டு ஒரு ராத்திரிகூட இருக்க முடியாது என்பதும் அதே நிமிஷத்தில் தெரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

சீலிங்காரர் வட்டமாக வெட்டிய அட்டையோடு உள்ளே வந்து, எங்கே வைக்கலாம் சார், நீங்களே காட்டிவிடுங்கள் என்றார். மனைவி பொத்தானை விட்டாள். அப்போதுதான் போன் அடித்தது.

குட்டைக்கு மெல்லப் பேச வராது. அவன் போனில் பேசினால் அறையில் இருக்கிற எல்லோருக்கும் கேட்கும். வருகிறாயா இல்லையா என்றான்.

"இல்லடா" என்றேன்.

"ஏன்டா? என்னடா ஆச்சு? மாமனார் விடலையா?"

மாமனார் படியேறி வந்து வாசலில் நின்றிருந்தார். மூச்சு வாங்கியது. மடித்த செய்தித்தாள் இன்னும் கையில் இருந்தது. மனைவி என்னைப் பார்த்தாள். நான் இரண்டு பேரையும் பார்க்காமல் ஏணியைப் பார்த்தேன்.

"ஆமாடா" என்றேன். "மாமனார் விடல."

குட்டை திட்ட ஆரம்பித்தான். நண்பனுக்காக வயிறெரிந்து திட்டினான். கிழவருக்கு மனசாட்சி இருக்கிறதா, ஒரு டாக்டரைக் காவல்காரன் மாதிரி வீட்டோடு கட்டி வைத்திருக்கிறாரே என்று ஒவ்வொரு வார்த்தையும் அறை முழுக்கக் கேட்டது. அவன் திட்டி முடித்துப் போனை வைக்கிறவரை மாமனார் நகராமல் நின்று கேட்டார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சீலிங்காரரிடம், "வெட்டுங்க" என்றார்.